அலுமினிய யன்னல்: ஐந்து மாரிக்குப் பிறகு

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. 2020இல் கிழக்குப் பக்க அறைக்கு இழுக்கிற அலுமினிய யன்னல் போட்டோம். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. கார்த்திகையில் வடகிழக்கு வாடைக்காற்றாகத் திரும்பி மழையைச் சாய்த்து அடித்த முதல் இரவே கட்டில் கால் வரை தண்ணீர். மனுசி பழைய சாரன்களை முறுக்கி யன்னலடியில் அடைக்க, விடியுமட்டும் மாறி மாறிப் பிழிந்தோம்.

நான் முதலில் செய்தது சுத்த மடத்தனம். மலிவான சிலிக்கன் வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கெல்லாம் அப்பினேன், வெளியே கீழ்ச்சட்டத்தில் இருந்த இரண்டு சின்னத் துளைகளையும் சேர்த்து. வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் அது, கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும், சீமெந்துப் பூச்சில் நிற்காது. 2021 மாரிக்கு முன்பே நகத்தால் இழுக்க நாடா மாதிரிக் கழன்று வந்தது. ஒழுக்கோ முன்னையைவிட மோசம், ஏனென்றால் இந்த வகை யன்னலின் தண்டவாளத்துக்குள் மழைத் தண்ணீர் எப்படியும் இறங்கும், அது வெளியே வடியத்தான் அந்தத் துளைகள், நான் அதை அடைத்துத் தொட்டியாக்கி வைத்திருந்தேன்.

2022இல் ஒரு மேசன் பாஸ் வந்து பார்த்தார். "தம்பி, பூசுறதுக்கு முதல் எங்க ஒழுகுது எண்டு பாப்பம்" என்றார். துளைகளைத் திறந்துவிட்டு, வெயில் நாளொன்றில் அவர் வெளியே ஹோஸ் பைப்போடு, நான் உள்ளே டோர்ச்சும் டிசுவும். கீழ்ச்சட்டத்துக்குப் பத்து நிமிடம், மறுகா பக்கச் சட்டங்கள், கடைசியாகத்தான் மேலே. மேலேயிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தாலும் இறங்கும், எது ஓட்டை என்று பிடிக்க ஏலாது. கீழே காய்ந்தே கிடந்தது. மேல் மூலையில் அடித்துச் சில நிமிடத்தில், உள்ளே கீழ் மூலையில் டிசு நனைந்தது! சட்ட மூலையிலிருந்து சன்சேட் பக்கம் சரிவாக ஓடிய நூல் வெடிப்பு, அதற்குள் இறங்கிய தண்ணீர் சுவருக்குள்ளாலேயே வந்திருக்கிறது.

வெடிப்பை உளியால் வெட்டி அகலமாக்கி நிரப்பினார். பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்து வினாகிரி மணம் வராத, சீமெந்திலும் பிடிக்கிற நியூட்ரல் சிலிக்கன் போட்டார், விலை கூடத்தான். யன்னலடித் திண்டின் சரிவு உள்பக்கமாக இருந்ததை வெளிப்பக்கம் திருப்பிப் பூசி, விளிம்பின் அடியில் விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பள்ளக் கோடும் விட்டார், தண்ணீர் சுவரில் ஊராமல் அதில் சொட்டிவிடும்.

அதற்குப் பிறகு அறை நனைந்தது ஒரு தரம்தான், 2024 கார்த்திகை வெள்ளத்தில். பார்த்தால் துளையில் கடற்கரை மண் இறுகிக் கிடக்கிறது. ஈர்க்கில் விட்டுக் குத்த, ஒரே பாய்ச்சலில் வடிந்தது. இப்போது ஐப்பசி பிறந்தால் அது என் வேலை. யன்னலின் சில்லுகள் மட்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கரகரக்கின்றன, இந்த வருடம் மாற்ற வேண்டும்.