அரை அங்குல டார்க் ரெஞ்ச்: மலையில் கார் வைத்திருப்பவருக்கு எவ்வளவு பயன்?

கோத்தகிரியில் வீட்டு வாசலிலேயே காரின் சிறு வேலைகளைச் செய்துகொள்பவன் நான். டார்க் ரெஞ்ச் என்பது நட்டையும் போல்ட்டையும் நாம் வைக்கும் அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பானர்; ‘கிளிக்’ வகையில் அந்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) வரை அளக்கும், சாக்கெட் மாட்டும் முனை அரை அங்குலமுள்ள அப்படிப்பட்ட ரெஞ்ச் ஒன்றைக் கோயம்புத்தூரில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கி, ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் பயன்படுத்திப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே கருவி பல பெயர்களில் விற்கப்படுவதால், நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எல்லா போல்ட்டுக்கும் இது தேவைப்படாது. என்ஜினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தடுப்பு, நம்பர் பிளேட் ஆகியவற்றுக்குக் கைப்பதமே போதும். சக்கரமும் பிரேக்கும் அப்படியல்ல. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறி, சக்கரங்களின் மீது பாரம் மாறி மாறி விழும்போது, சரியாக முறுக்கப்படாத வீல் நட் தளர்ந்துவிட வாய்ப்புண்டு. அதற்கு அஞ்சி ஸ்பானரில் பைப்பைச் செருகி ஏறி மிதிப்பவர்களும், ஏர் கன்னால் கண்மூடித்தனமாக இறுக்கும் டயர் கடைக்காரர்களும் இன்னொரு தொல்லையைத்தான் உண்டாக்குகிறார்கள். ஸ்டட் (நட் ஏறும் மரையுள்ள தண்டு) அளவுக்கு மீறி இழுபடுவதோடு, வழியில் பஞ்சரானால் வண்டியோடு வந்த ஸ்பானரால் அந்த நட்டை அசைக்கவும் முடியாது. பழைய ஆல்டோ, வேகன் ஆர் போன்ற வண்டிகளுக்குக் கையேடு சொல்வது 85 நியூட்டன் மீட்டர்தான். வேறு சில வண்டிகளில் அது 100ஐத் தாண்டும். ஆகவே தத்தம் வண்டியின் கையேட்டைப் பார்த்தே அளவை வைக்க வேண்டும்.

இந்த வேலையில் கருவி குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்கிறது. நட்டுகளை எதிரெதிராக ஓரளவு இறுக்கி, ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையில் பதிந்த பின் முழு அளவுக்கு முறுக்கினால், 85இல் ‘கிளிக்’ தெளிவாகக் கையில் தெரிகிறது. சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுத்தால் அளவு கூடிவிடும்.

ஆனால் கருவி அளப்பது முறுக்கு விசையை மட்டுமே. நமக்கு வேண்டியதோ போல்ட் இழுபட்டு உண்டாகும் பிடிப்பு. முறுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பிடிப்பாக மாறுகிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகப் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் இங்கே எல்லாம் துருப்பிடிப்பதால், மரையில் ஆயில் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. கையேட்டின் அளவு பொதுவாக உலர்ந்த, சுத்தமான மரைக்கு உரியது. ஆயில் தடவிவிட்டு அதே 85ஐ வைத்தால் உராய்வு குறைந்து ஸ்டட் கூடுதலாக இழுபடும். துரு ஏறிய மரையில் நேர்மாறாக, கிளிக் சத்தம் வந்த பிறகும் பிடிப்பு போதாமல் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யாதவருக்கு இந்த மூவாயிரம் ரூபாய் வீண் செலவுதான்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஸ்பார்க் பிளக். என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் வாஷருடன் கூடிய 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். பல சிறிய கார்களின் ஆயில் டிரெயின் பிளக்குக்கு 35 அளவில் வரும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு பெரிது என்பதால், அளவு பார்த்து முறுக்குவது மிகவும் அவசியமான இடங்கள் இவையே. இரண்டும் இந்த ரெஞ்சின் தொடக்க அளவுக்குக் கீழே இருக்கின்றன. டார்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789 கூறும் ±4 சதவீதத் துல்லியமும் உச்ச அளவின் 20 சதவீதத்துக்கு மேல்தான் செல்லுபடியாகும். இந்தக் கருவிக்கு அது 42. ஆகவே பிளக் வேலைக்கு 3/8 அங்குல ரெஞ்ச் ஒன்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கிய பின் மேலும் இத்தனை டிகிரி திருப்ப வேண்டிய ஹெட் போல்ட்டுகளுக்கும் இது மட்டும் போதாது. அந்த வேலையை வாசலில் செய்ய நான் துணிவதுமில்லை.

குறைகளும் உண்டு. அளவுக்கோடுகள் மெல்லியதாகப் பொறிக்கப்பட்டிருப்பதால், மூடுபனி இறங்கிய மாலையில் டார்ச் இல்லாமல் படிக்க முடியவில்லை. உறைபனி விழும் காலைகளில் முதல் சில கிளிக்குகள் மந்தமாக வருகின்றன. உள்ளே இருக்கும் கிரீஸ் இளகுவதற்காக, வேலைக்கு முன் நான்கைந்து முறை சும்மா கிளிக் செய்துகொள்வது நல்லது. வேலை முடிந்ததும் அளவை 40க்குக் குறைத்து வைக்காவிட்டால் ஸ்பிரிங் தளரும். இதைக் கொண்டு நட்டைக் கழற்றவும் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை அளவைச் சரிபார்க்க மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும். அங்கே அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் உள்ளன.

பெட்டியில் சாக்கெட் எதுவும் வருவதில்லை. மாருதிக்கு 19 மி.மீ., ஹூண்டாய்க்கு 21 மி.மீ. சாக்கெட்டைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.