இ-எஸ்சிஆர்: உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காசில்லாமல் படிக்க

குற்றவியல் வழக்குகள் பார்க்கும் ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தொடங்கிய இலவசத் தளம். அதற்கு முன் ஒரு தனியார் தளத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன், புதுப்பிக்க இரண்டு நாள் தாமதமானால் சேமித்து வைத்த தீர்ப்பைக்கூடத் திறக்க விடாது.

கைது பற்றிய தீர்ப்புகளை இதில் வரிசையாகப் படித்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கு, அமலாக்கத்துறை கைதுக்கான அடிப்படையை எழுத்தில் தர வேண்டும் என்றது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் அதே பாதுகாப்பு உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும் வந்தது. எல்லாருக்கும் பொதுவாக எழுதப்படும் காரணங்கள் வேறு, இந்த ஆளை ஏன் பிடித்தோம் என்ற அடிப்படை வேறு என்று பிரித்துச் சொன்ன பத்தி இருக்கிறதே, அதை மூன்று முறை படித்தேன், ரிமாண்டுக்கு ஓடும் ஒவ்வொரு வக்கீலும் பிரிண்ட் எடுத்துப் பையில் வைக்க வேண்டியது அது. அப்புறம் 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு ஒருவரை விலங்கிட்டுப் பிணைத்ததை நீதிமன்றம் கண்டித்தது.

தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைக்குறிப்பு இருப்பதால் நேரம் மிச்சம். தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு, கட்சிக்காரருக்குப் புரிய வைக்கப் போதும், ஆனால் வாதத்துக்கு ஆங்கில மூலம்தான் செல்லும். எல்லாத் தீர்ப்புக்கும் தமிழ் கிடையாது, அதற்காக மட்டும் அரை நட்சத்திரம் குறைத்து நாலரை.