பிளேஸ்டேஷன் போர்ட்டல்: வீட்டுக்குள் நிறைவு, வெளியில் இணைப்பின் தயவு

பிளேஸ்டேஷன் போர்ட்டலை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வீட்டில் வைஃபை ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் விசாரிக்கிறேன். 2023 நவம்பரில் வெளிவந்து, 2024 செப்டம்பரில் 18,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த இந்தக் கருவி, பார்வைக்குக் கையடக்கக் கேம் கன்சோல் போலத் தோன்றினாலும், தனக்குள் ஒரு விளையாட்டைக்கூடச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. விளையாட்டு வீட்டில் இருக்கும் சோனியின் பெரிய கன்சோலான பிளேஸ்டேஷன் 5-இல் (பிஎஸ்5) ஓடுகிறது. அதன் படமும் ஒலியும் வைஃபை வழியாக இந்தத் திரைக்கு வருகின்றன. நாம் அழுத்தும் பொத்தான்களின் கட்டளை அதே வழியில் திரும்பிப் போகிறது. ஆகவே இதன் தரத்தில் பாதியைத்தான் சோனி தீர்மானிக்கிறது. மறுபாதியை நம் வீட்டுச் சுவர்களும், நம் தெருவுக்கு இணையம் கொடுக்கும் நிறுவனமும் தீர்மானிக்கின்றன. ஈரோட்டில் உள்ள எங்கள் வீட்டிலும், கோபி பக்கத்தில் உறவினர் ஒருவரின் தோட்டத்துச் சாளையிலும் (தோட்ட வீட்டிலும்), கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பேருந்திலும் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

விற்பவர்களே இதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. காந்திபுரத்தில் நான் வாங்கிய கடையில், பெட்டியை எடுத்து வைப்பதற்கு முன்பே கடைக்காரர், “ஏனுங்க, வீட்டுல பிஎஸ்5 இருக்குதுங்களா? இதுல தனியாக் கேம் ஓடாதுங்க. அது இல்லீனா இத வாங்காதீங்க” என்றார். பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படாது என்பதை அவர் சொல்லித்தான் பக்கத்தில் நின்ற இன்னொருவர் தெரிந்துகொண்டு திரும்பிப் போனார். விற்பனை ஒன்று கைநழுவும் என்று தெரிந்தும் அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரும் மதிப்பைத் தந்தது.

கருவியின் கட்டுமானத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் இரு பாதிகளுக்கு நடுவே 8 அங்குல எல்சிடி திரை பொருத்தப்பட்டிருக்கிறது. 1080பி துல்லியத்தில், நொடிக்கு 60 படங்கள் வரை காட்டுகிறது. எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம் என்றாலும், இரு பக்கக் கைப்பிடிகளும் முழு அளவில் இருப்பதால் மணிக்கட்டில் பாரம் தெரிவதில்லை. வில்லை இழுக்கும்போது விசையில் ஏறும் இறுக்கமும், கார் சரளைக் கல்லில் ஏறும்போது உள்ளங்கையில் தெரியும் அதிர்வும் பெரிய கன்ட்ரோலரில் இருப்பதைப் போலவே இருக்கின்றன. கைப்பேசியையும் கன்ட்ரோலரையும் கிளிப்பில் மாட்டி விளையாடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஆனால் புளூடூத் வசதி இல்லை. நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் கம்பியில்லா இயர்போன்களை இணைக்க முடியாது. சோனியின் தனி இணைப்பு முறைக்கென்று செய்யப்பட்ட ஹெட்செட்டை வாங்க வேண்டும், அல்லது 3.5 மில்லிமீட்டர் துளையில் வயர் ஹெட்போனைச் செருக வேண்டும். இந்த விலையில் விற்கப்படும் கருவிக்கு இது நியாயமான விடுபடல் அல்ல.

ஒரே டிவி உள்ள கூட்டுக்குடும்ப வீடுகளுக்குத்தான் இந்தக் கருவி மிகவும் பொருந்துகிறது. எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் கூடத்து டிவி அம்மாவுடையது. “கண்ணு, செய்தி பாக்கோணும், அத நிறுத்தீட்டு எந்திரி” என்ற குரல் வந்ததும், பாதியில் நிற்கும் ஆட்டத்தைச் சேமிக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. போர்ட்டலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், ஆட்டம் நின்ற அதே இடத்திலிருந்து தொடர்கிறது. கீழே பிஎஸ்5 ஓடிக்கொண்டே இருக்க, டிவியில் செய்தியும் ஓடுகிறது. பிஎஸ்5-ஐ ஓய்வு நிலையில் விட்டு, அந்த நிலையிலும் இணையத்தோடு இணைந்திருக்கவும், வலைவழியாக எழுப்பப்படவும் அமைப்புகளில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு அதன் அருகே போக வேண்டிய தேவையே இல்லை. குடும்பத்தில் யாருடைய நேரத்தையும் பறிக்காமல் விளையாட முடிவதற்காக மட்டுமே இதை நான் மனமார விரும்புகிறேன்.

இந்த அனுபவம் நன்றாக அமைய வேண்டுமானால் வைஃபையைச் சரிசெய்தாக வேண்டும். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் இருக்கிறது. பொத்தானை அழுத்திய கட்டளை ரவுட்டர் வழியாக பிஎஸ்5-ஐ அடைந்து, அங்கே படம் உருவாகி, வீடியோவாகச் சுருக்கப்பட்டு, மீண்டும் ரவுட்டர் வழியாக வந்து, இங்கே விரிக்கப்பட்டுத் திரையில் தோன்றுவதற்குள் அத்தகைய பல படங்களின் நேரம் கடந்துவிடுகிறது. கதை விளையாட்டுகளிலும், முறைவைத்து ஆடும் விளையாட்டுகளிலும் இந்தத் தாமதம் கண்ணில் படுவதில்லை. கிரிக்கெட் விளையாட்டில் உடனே தெரிந்துவிடும். டிவியில் சரியாகக் கணித்து அடித்த கவர் டிரைவ், ரவுட்டருக்கு இரண்டு சுவர் தள்ளியிருந்த அறையில் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் கேட்ச் ஆனது. மட்டையைச் சற்று முன்னதாகவே சுழற்றப் பழகிக்கொண்ட பிறகுதான் ஓட்டங்கள் வந்தன. மற்றவர்களோடு ஆன்லைனில் மோதும் சண்டை விளையாட்டுகளை இதில் ஆடப் பரிந்துரைக்க மாட்டேன்.

போர்ட்டலில் இருப்பது வைஃபை 5. பிஎஸ்5-இலேயே 2020 முதல் வைஃபை 6 இருக்கும்போது, முழுக்க முழுக்க வைஃபையை நம்பி வாழும் துணைக்கருவிக்கு முந்தைய தலைமுறை வைஃபையைக் கொடுத்தது இதன் மிகப் பெரிய குறை. எனவே பயனர்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பிஎஸ்5-ஐ லேன் கேபிள் மூலம் ரவுட்டரோடு நேரடியாக இணைத்துவிட்டால், காற்றில் இருமுறை பயணம் செய்ய வேண்டிய தரவு ஒருமுறை மட்டுமே பயணம் செய்யும். நான் செய்த மாற்றங்களிலேயே அதிகம் பலன் தந்தது இந்தச் சில நூறு ரூபாய் கேபிள்தான். போர்ட்டலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விடாமல் 5 கிகாஹெர்ட்ஸில் இணைப்பது அடுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டையும் இரும்பையும் கடப்பதில் பலவீனமானது. எங்கள் மாடி அறையில் கட்டிலின் ஒரு முனையில் தெளிவாக இருந்த படம், இரும்பு பீரோ மறைக்கும் மறுமுனைக்கு நகர்ந்தால் கட்டம் கட்டமாகச் சிதறியது. ரவுட்டரைக் கூடத்து அலமாரிக்குள்ளிருந்து எடுத்து மாடிப்படி அருகே உயரமாக மாட்டிய பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

வீட்டைவிட்டு வெளியே சென்றால் நிலைமை வேறு. இந்த முறைக்கு நொடிக்குக் குறைந்தது 5 மெகாபிட் வேகம் வேண்டும், நல்ல அனுபவத்துக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது சோனி. 15 மெகாபிட் என்பது மணிக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு விளையாடினால், அன்றைய பங்கு இருபது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பொள்ளாச்சிப் பேருந்தில் உக்கடம் தாண்டும்வரை நன்றாக ஓடிய ஆட்டம், அதன் பிறகு கோபுரத்துக்குக் கோபுரம் மாறும்போதெல்லாம் நின்று நின்று வந்தது. கிணத்துக்கடவு வருவதற்குள் அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கோபி பக்கத்துச் சாளையில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே உள்ளூர் ஃபைபர் இணைப்பின் வேகம் தாராளமாக இருந்தும் போர்ட்டல் எங்கள் வீட்டு பிஎஸ்5-ஐக் கண்டுபிடிக்கவே இல்லை. பல வீடுகளுக்கு ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்ந்து தருவது நம் பகுதியின் சிறிய இணைய நிறுவனங்களில் பரவலாக உள்ள வழக்கம். கைப்பேசி நிறுவனங்களும் அப்படித்தான் செய்கின்றன. இணையப் பக்கம் பார்ப்பதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் அது தடையல்ல. ஆனால் வெளியே இருக்கும் ஒரு கருவி நம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவியை நேராகத் தேடி வரும்போது, பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் அது எந்த வீடு என்று தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் ஈரோட்டு வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டு, மாதம் சிறிது கூடுதல் கட்டணம் கட்டிய பிறகே வெளியிலிருந்து நுழைய முடிந்தது.

மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்கள் நம் பக்கத்தில் வழக்கமானவை. அன்று போர்ட்டலின் பேட்டரி முழுதாக இருக்கும், இன்வெர்ட்டரில் ரவுட்டரும் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் சுமார் 200 வாட் வரை இழுக்கும் பிஎஸ்5-ஐ, விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்த இன்வெர்ட்டரில் பெரும்பாலான வீடுகள் இணைப்பதில்லை. கையடக்கக் கருவி ஒன்று மிகவும் உதவ வேண்டிய அந்தப் பகல் முழுவதும் இது திரையில் தேடல் வட்டத்தை மட்டுமே காட்டும்.

கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த முழுச் சார்பு புதியது. 1989-இல் வந்த நின்டெண்டோ கேம் பாயில் இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிள் இருந்தது. அது இல்லாமலும் தனியாக விளையாட முடிந்தது. 2004-இல் வந்த சோனியின் பிஎஸ்பியில் வைஃபை இருந்தது. 2006-இல் பிஎஸ்3 வந்தபோது அதோடு இணைந்து தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் கிடைத்தது. 2011-இல் வந்த சோனியின் அடுத்த கையடக்கக் கருவியான வீட்டா தனக்கென விளையாட்டுகளையும் வைத்திருந்தது, பின்னாளில் பிஎஸ்4-இன் விளையாட்டுகளையும் வைஃபையில் வாங்கிக் காட்டியது. போர்ட்டல் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் தோட்டத்தில் கிணற்றை மூடிவிடுவதில்லை. தண்ணீர் திறக்காத மாதங்களில் பயிரைக் காப்பது அதுதான். கையடக்கக் கன்சோலின் எதிர்காலமும் அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்: இணைப்பு இருக்கும்போது பெரிய கன்சோலின் வலிமையைக் கடன் வாங்க வேண்டும், இல்லாதபோது தன் சொந்தச் சில்லில் எதையாவது ஓட்டிக் காட்ட வேண்டும்.

மற்ற நிறுவனங்கள் அந்தத் திசையில் ஏற்கெனவே நடக்கின்றன. 2022-இல் வந்த வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் தானே விளையாட்டை ஓட்டும், வீட்டுக் கணினியிலிருந்தும் வாங்கிக் காட்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வைஃபை 6 வசதியோடு, ஒருவர் வாங்கிய சில விளையாட்டுகளைப் பக்கத்தில் இருப்பவரின் கருவிக்கும் அனுப்பி இருவரும் ஆட வழிசெய்கிறது. ஆயினும் அதன் சில கார்டுகளில் விளையாட்டுக்குப் பதில் திறவுகோல் மட்டுமே இருக்கிறது. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அட்டையை வாங்கிப் பல ஆண்டு பத்திரப்படுத்துகிறவர்களுக்கு இது கவலை தரும் மாற்றம். இந்த இரண்டு கருவிகளையும் அவற்றின் நிறுவனங்கள் நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை என்பதால், இங்கே வாங்குவோர் இறக்குமதி விலையையும், உள்ளூர் உத்தரவாதம் இல்லாத நிலையையும் ஏற்க வேண்டியிருக்கிறது.

சோனி வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 2024 நவம்பரில் சோதனையாகவும், 2025 நவம்பரில் முழுமையாகவும், பிஎஸ்5 ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமின்றிச் சோனியின் சர்வர்களிலிருந்தே போர்ட்டலுக்கு விளையாட்டைக் கொண்டுவரும் வசதி வந்தது. மேலே சொன்ன மின்தடைச் சிக்கலையும் முகவரிச் சிக்கலையும் அது ஒரே நேரத்தில் தீர்க்கக்கூடியது. ஆனால் பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் சந்தாவுக்கான அந்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை. இந்தியாவில் உள்ள உயர்நிலைச் சந்தா டீலக்ஸ், அதில் இப்படிச் சர்வரிலிருந்து வரும் கிளவுட் விளையாட்டு இல்லை. அது வரும்வரை இதே பணத்துக்கு நாம் பெறுவது, பிற நாட்டார் பெறுவதைவிடக் குறைவான பொருள்தான். சர்வரை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. கூகுள் தன் கிளவுட் விளையாட்டுச் சேவையான ஸ்டேடியாவை 2023 ஜனவரி 18-இல் மூடியபோது, அதன் கன்ட்ரோலரைச் சாதாரண புளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ள வழிகொடுத்தது. போர்ட்டலில் புளூடூத்தும் இல்லை, சொந்த விளையாட்டும் இல்லை. பிஎஸ்5-இன் காலம் முடிந்த பிறகும் இதற்கு ஒரு பயன் இருக்குமாறு சோனி இப்போதே வழிசெய்ய வேண்டும்.

பிஎஸ்5-உம் ஒரே டிவியும் பல தலைகளும் உள்ள வீட்டுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களும், திருப்பூருக்கோ கோவைக்கோ நாள்தோறும் பேருந்தில் போய்வருபவர்களும் இதை வாங்க வேண்டாம். இரண்டிலும் சேராதவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், சோனி இலவசமாகத் தரும் பிஎஸ் ரிமோட் பிளே செயலியைக் கைப்பேசியில் நிறுவி, டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை அதோடு இணைத்து, எந்த அறையில் படுத்து விளையாட நினைக்கிறார்களோ அதே அறையில், வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்தும் இரவு எட்டு மணிக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை முழுதாக ஆடிப் பார்க்கட்டும். கைப்பேசியில் ஓவருக்கு ஓவர் படம் சிதறினால், போர்ட்டலிலும் சிதறத்தான் செய்யும்.