'8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யாதீர்கள்

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கொட்டேஷன் சீட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர், 48 ஆயிரம் கேட்கிறார்கள், சரியான விலையா என்று கேட்டிருந்தார். விலையை நான் பார்க்கவே இல்லை. நான்காவது வரியிலேயே கண் நின்றுவிட்டது. 'கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி 256 பிட் - 1'. ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு, பிட் என்பது அந்த மெமரிக்குப் போகும் பாதையின் அகலம். கம்பெனி பெயர் கிடையாது, மாடல் கிடையாது. 2023 ஜூனில் எனக்கும் இதே வரியைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பையன் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேரவிருந்த நேரம். நல்ல மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். பட்ஜெட் 50 ஆயிரம், மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பையன் இரண்டு வாரம் உட்கார்ந்து லிஸ்ட் போட்டான். இன்டெல் ஐ3-12100எஃப் பிராசஸர், எச்610 போர்டு, 8+8 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் வெண்கலத் (Bronze) தர எஸ்எம்பிஎஸ் (மற்ற பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. இப்போது பார்த்தாலும் அந்தக் காசுக்கு அதைவிடப் பொருத்தமான லிஸ்ட் போட்டிருக்க முடியாது என்றே தோன்றுகிறது. ஏமாந்தது அவன் இல்லை, நான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. (நாணயமாகத் தொழில் செய்பவர்கள் அந்தத் தெருவில் நிறையவே இருக்கிறார்கள், பிறகு எனக்கு உதவியதும் அப்படி ஒருவர்தான்.) கடைக்காரர் லிஸ்டை வாங்கிப் பார்த்தார். "6600 ஸ்டாக் இல்ல சார். ஆர்எக்ஸ் 580 தர்றேன். ரெண்டுமே 8 ஜிபிதான். ஆனா அது 128 பிட், இது 256 பிட். டபுள்! விலையும் கம்மி" என்றார். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, 580 பழைய கார்டு மாமா" என்றான். "தம்பி யூடியூப் பார்த்துட்டு வந்திருக்கு" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் சொன்ன எண்களில் பொய் எதுவும் இல்லை, சூட்சுமமே அங்கேதான். 580 உண்மையிலேயே 256 பிட், 6600 உண்மையிலேயே 128 பிட். ஆனால் 580 வந்தது 2017இல், 6600 வந்தது 2021இல். நான்கு வருட இடைவெளியில் கார்டின் உள்கட்டமைப்பே மாறிவிட்டது. பிட் எண்ணிக்கை பாதியாக இருந்தாலும் விளையாட்டில் 6600 வெகுதூரம் முன்னால் நிற்கும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். 580க்கு 185 வாட், 6600க்கு 132 வாட். ஜிபியையும் பிட்டையும் மட்டும் வைத்து கார்டு வாங்குவது, டயர் அகலத்தைப் பார்த்து வண்டி வாங்குவது மாதிரி.

அப்புறம் எஸ்எம்பிஎஸ். நாங்கள் கேட்டது இல்லை, 'கேபினட்டோடவே வருது' என்று 500 வாட் ஒன்றைப் போட்டார்கள். ரேம் இரண்டு எட்டுக்குப் பதிலாக ஒரே பதினாறு. மொத்தம் 46,500. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட வரும் என்றார்கள். 3,500 மிச்சம் என்ற சந்தோஷத்தில் எஸ்டிமேட் சீட்டோடு கிளம்பிவிட்டேன். பணம் போனது கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு. அதையும் அப்போது கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே ஆரம்பித்தது. படம் பார்த்தால், டைப் செய்தால் ஒன்றும் இல்லை. விளையாட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆனால் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். கடைக்குப் போன் செய்தால், "உங்க வீட்டு வோல்டேஜ் பிரச்சினை சார், யுபிஎஸ் போடுங்க" என்றார்கள். யுபிஎஸ்ஸும் வாங்கினேன். அதற்குப் பிறகும் அணைந்தது.

கடைசியில் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படித்தோம். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் +12வி என்ற கட்டத்துக்கு நேரே 18ஏ, அதாவது 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் பாதையில்தான். கார்டுக்கு 185, பிராசஸர் முழு வேகத்தில் 89, ஆக 274. ஸ்டிக்கர் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 216 எங்கே, 274 எங்கே? பிளஸ் டூ பையன் பேப்பரில் எழுதிக் காட்டிய கணக்கு இது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தான். கார்டின் பெயருக்குப் பின்னால் '2048எஸ்பி' என்று ஒரு வால் இருந்தது. முழுமையான 580இல் ஷேடர் (கார்டுக்குள் படத்தைக் கணக்கிடும் சின்னப் பிரிவு) எண்ணிக்கை 2304. இதில் 2048. அதாவது அதற்கு ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570இன் எண்ணிக்கை, 580 என்ற பெயரில். 2018இல் சீனச் சந்தைக்காக வந்த ரகம் இது. போலி இல்லை, அந்தப் பெயரிலேயே தயாரானதுதான். ஆனால் அந்த வாலை வெட்டிவிட்டு '580' என்று மட்டும் சொல்லி விற்பதற்கு என்ன பெயர்?

எஸ்எம்பிஎஸ்ஸை என் காசில் மாற்றினேன். அணைவது நின்றது. அக்டோபரில் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் மினுக்க ஆரம்பித்தன, பிறகு கோடுகள், பிறகு இருட்டு. ஐ3-12100எஃப்பில் அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கார்டு போனால் மானிட்டரில் ஒரு எழுத்துகூட வராது.

அதே தெருவில் கார்டு சர்வீஸ் செய்யும் ஒருவர் பிரித்துக் காட்டினார். வெளியே புதுப் பெயின்ட் மாதிரி பளபளப்பு. உள்ளே மெமரி சிப்களின் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேட்கள் காய்ந்து, எண்ணெய் கசிந்து பிசுபிசுத்துக் கிடந்தன. "மைனிங்ல ஓடினது சார், தினம் ரெண்டு கார்டாச்சும் இப்படி வரும்" என்றார். மைனிங் என்றால் கார்டுகளை ஓயாமல் கணக்குப் போடவிட்டு எதீரியம் போன்ற கிரிப்டோ நாணயங்களைத் 'தோண்டி' எடுப்பது. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் தன் முறையை மாற்றியதும் அந்த நாணயத்துக்குக் கார்டு வைத்துத் தோண்டும் வேலைக்கே தேவையில்லாமல் போனது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் கழுவித் துடைக்கப்பட்டுப் புது டப்பாவில் வந்தன. அப்படி ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும்.

கடையில் கேட்டேன். "மூணு மாசம்தானே சார் வாரண்டி" என்று திருகாணி மேல் ஒட்டியிருந்த கடலைப் பருப்பளவு ஸ்டிக்கரைக் காட்டினார்கள். அது வாரண்டி ஸ்டிக்கர் என்றே எனக்குத் தெரியாது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். கடையிலிருந்து வந்த பதில்: அப்படி ஒரு கார்டை நாங்கள் விற்கவே இல்லை. சீட்டில் மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. எதைக் காட்டுவது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்று தெரிந்தும், சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் சோம்பேறித்தனம்.

பிறகு வேறு கடையில் ஆர்எக்ஸ் 6600 வாங்கினோம். ஜிஎஸ்டி பில்லில் முழு மாடல் பெயர், சீரியல் எண், இரண்டையும் டப்பாவோடும் கார்டோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பையன் என்னைப் பணம் கொடுக்கவே விட்டான். அங்கேயே மாட்டச் சொல்லி ஜிபியு-இசட்டும் பார்த்துவிட்டான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சுளிக்கும் கடை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் போனில் சொல்லி, கார்டின் முழு மாடல் பெயரையும் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் ஆம்பியரையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். இரண்டு நீல டிக் விழுந்து ஒரு நாள் கழித்துப் பதில் வந்ததாம்: "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்."