பெரியம்மா வீட்டு வாசலில் ஒரு ஊற்று

வாடகைக் காரை பெரியம்மா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினேன். மெல்பர்னிலிருந்து போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சப்பாத்து கணுக்கால் வரை நனைந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் மழையே இல்லை என்று பெரியம்மா முதல் நாள்தான் போனில் புலம்பியிருந்தார். குனிந்து பார்த்தால், தார் ரோட்டு ஓரத்தில் கையகல விரிசல். அதிலிருந்து தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. விரலை நனைத்து முகர்ந்தேன். குளோரின் வாடை. ஊற்றும் இல்லை, சாக்கடையும் இல்லை, சுத்திகரித்த குடிநீர்.

"எத்தன நாளா இப்படி?"

"தைப்பூசத்துக்கு முன்ன இருந்தே ஓடுது. நீ உள்ள வா, வந்து பசியாறு."

தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பசியாறிவிட்டு மேல்மாடிக்குக் குளிக்கப் போனேன். குழாயைத் திருகினால் இருமல் மட்டும் வந்தது. "மேல வராதுய்யா, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேலதான் ஏறும்" என்று கீழேயிருந்து குரல். கீழே குளியலறையில் இரண்டு நீலத் தோங், அதாவது பெரிய பீப்பாய், நிறைய தண்ணீர், மேலே மூடி, மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் குவளை. ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், எப்படி இருந்ததோ அப்படியே. நாற்பது வருடத்துக்கு முன் அம்மா விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்குள் தண்ணீர் பிடித்து வைத்துவிட வேண்டும். பொதுக் குழாயில் வாளி வரிசை, தோளில் காண்டா கம்பு, அதன் இரு முனையிலும் இரண்டு வாளி, வீடு வருவதற்குள் பாதி என் காலில். தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். எல்லோரும் டவுனுக்கு வந்து மாடி வீடு வாங்கினார்கள். தோங் மட்டும் கூடவே வந்துவிட்டது.

முதல் குவளையைத் தலையில் ஊற்றிக்கொண்டபோது, உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கியது. என்ன சுகம்! ஐந்தாவது குவளையில் எரிச்சல் வந்தது. வாசலில் ஆறு ஓடுகிறது, நான் உள்ளே மொண்டு குளிக்கிறேன்.

சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடையே இருக்கிற எங்கள் டவுனைப் பற்றி இந்தப் பயணத்தில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கோயில் கும்பாபிஷேகம், புது மண்டபம், தங்கச்சி மகள் நிச்சயதார்த்தம், எல்லாம் சிறப்பாக நடந்தது. ஆனால் எனக்கு அந்த விரிசலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

மெல்பர்னில் இருபது வருடம் இருந்ததால் வந்த வியாதி இது. அங்கே பெரிய வறட்சி அடித்த காலத்தில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர்தான் என்று 2008இல் இலக்கு வைத்தார்கள். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள நான்கு நிமிட மணல் கடிகாரம் கொடுத்தார்கள். மணல் இறங்குவதற்குள் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். ஷவருக்குக் கீழே வாளி வைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றியவன் நான். மலேசியாவில் சராசரி மனிதர் நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். பெரியம்மாவைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அவர் அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறவர்.

சரி, எவ்வளவுதான் வீணாகிறது என்று பார்ப்போம் என்று மறுநாள் காலை பத்து லிட்டர் வாளியோடு போனேன். ரோட்டோரமாக வழிந்து லோங்காங்கில், அதாவது வடிகால் கானில், விழுகிற இடத்தில் வாளியைப் பிடித்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். ஐம்பது விநாடியில் நிரம்பிவிட்டது. நாளைக்கு 17,000 லிட்டருக்கு மேல். பெரியம்மாவின் பில்லை எடுத்துப் பார்த்தேன்: மாதத்துக்கு 14 கன மீட்டர், அதாவது 14,000 லிட்டர். அவர் மாதம் முழுக்கச் செலவழிப்பது ஒரே நாளில் வாசலில் ஓடிப்போகிறது. அதுவும் நான் பிடித்த அளவுதான்; மண்ணுக்குள் போனது எவ்வளவோ.

எதிர்வீட்டுத் தம்பி அந்தத் தண்ணீரில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஃப்ரீ தண்ணி, அண்ணே" என்று சிரித்தார். லோங்காங் ஓரமாகக் கங்கோங் கீரை தளதளவென்று வளர்ந்திருந்தது. பெரியம்மா நட்டதாம்.

தண்ணீர் நிறுவனத்திடம் புகார் கொடுத்தார்களா என்றால், கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை. நானும் ஒன்று போட்டேன். வாட்ஸ்அப்பில் படம், காணொளி, வாளிக் கணக்கு, எல்லாம் அனுப்பினேன். "மீட்டருக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மீட்டர் வரைக்கும் குழாய் அவர்களுடையது, மீட்டரைத் தாண்டினால் நம்முடையது. முன்னால் என்று சொன்னேன். புகார் எண் வந்தது. அன்று சாயங்காலமே ஒரு செய்தியும் வந்தது: உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். குமிழி அப்படியே கொப்பளித்துக்கொண்டிருந்தது. நட்சத்திரம் கொடுக்கவில்லை. அந்தச் செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டேன். மெல்பர்னில் இருக்கிற என் மகன் சிரிப்புப் படம் போட்டான். அதில் எனக்கு இன்னும் கோபம்.

சாயங்காலம் கோப்பிக்கடையில் இதைச் சொன்னபோது, தோட்டத்துப் பழைய கிராணி, அதாவது எழுத்தர், ஒருவர் பிடித்துக்கொண்டார். நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காசாக மாறாமலே போகிறது. கசிவு, திருட்டு, தேய்ந்துபோன மீட்டர். அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் பல்லாயிரம் கிலோமீட்டர் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2006இல் தண்ணீர்ச் சேவைக்குப் புதுச் சட்டம் போட்டார்கள், பெரிய முதலீட்டைத் தாங்க மத்திய அரசு ஒரு நிறுவனத்தையே வைத்தது. "ஆனா கொழாய மாத்தணும்னா காசு வேணும். காசுன்னா நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா?" என்றார் அவர்.

இருக்கவில்லை. 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்பத்தில் வீட்டுத் தண்ணீருக்குக் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு ஏற்றினார்கள். அதைப் பற்றி அந்த மேசையில் எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். அதில் அதிகமாகக் கத்தியவர், கத்தி முடித்துவிட்டுக் கடை ஓரத்துத் தண்ணீர் மெஷினில் சில்லறை போட்டு ஐந்து லிட்டர் பிடித்துக்கொண்டு போனார். ஏறக்குறைய அந்தக் காசுக்குக் குழாயில் ஆயிரம் லிட்டர் வரும். குழாய்த் தண்ணீரை நம்பாமல் மெஷின், நேரத்துக்கு வராது என்று தோங், கலங்கலுக்கு வடிகட்டி, மேலே ஏற்ற மோட்டார். இதையெல்லாம் யாரும் தண்ணீர்க் கட்டணம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் மெல்பர்னில் கட்டும் பில்லைச் சொன்னேன். வொந்தாகி என்ற இடத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டினார்கள். அதிலிருந்து ஒரு சொட்டும் வாங்காத ஆண்டிலும் அதற்கான பணம் எங்கள் பில்லில் உண்டு. "அப்ப ஒங்க ஊரு மட்டும் ஒழுங்கா?" என்று கிராணி மடக்கினார். பேச்சு பக்கத்து மாநிலமான பினாங்குக்குத் தாவியது. மூடா ஆற்றுக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் அவர்கள். அதே ஆற்றில்தான் அவர்களும் எடுக்கிறார்கள். காசு கொடு என்று கெடா கேட்க, கொடுக்க மாட்டோம் என்று பினாங்கு சொல்ல, வருடக்கணக்காக நடக்கும் சண்டை அது. அதற்குள் புகுந்தால் கோப்பி ஆறிவிடும்.

நான் கிளம்ப நான்கு நாள் இருந்தபோது, இரவு ஒன்றரை மணிக்கு வாசலில் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் ஒரு லாரி, நான்கு பேர். அதில் ஒருவர் எங்கள் மீட்டர் பக்கம் குனிந்து, இரும்புக் கம்பி ஒன்றை வால்வில் ஊன்றி, மேல்முனையில் இருந்த குமிழைக் காதில் வைத்திருந்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது மாதிரி.

"மன்னிச்சுக்குங்கண்ணே, தூக்கத்தக் கெடுத்துட்டோம்." தமிழ்த் தம்பி. முப்பது வயது இருக்கும். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டேன். ராத்திரிதான் யாரும் குழாய் திறக்க மாட்டார்கள், குழாயில் அழுத்தம் கூடும், ஓட்டை இருந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும், ரோட்டிலும் வண்டி இருக்காது என்றார். தண்ணீர் மேலே வரும் இடத்தில்தான் ஓட்டை என்று சொல்ல முடியாதாம். "கேட்டுப் பாக்கறீங்களா?" என்று கம்பியை நீட்டினார்.

காதில் வைத்தேன். விரிசலுக்கு மேல் ஊன்றியபோது லேசான இரைச்சல். தம்பி இரண்டடி நகர்த்தி ஊன்றினார். சோவென்று ஒரு அருவி, என் காலுக்குக் கீழே. மயிர் சிலிர்த்தது.

அங்கேயே வெட்டினார்கள். மூன்றடி ஆழத்தில் சாம்பல் நிறக் குழாய், அதில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் செம்பனை லாரிகள் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. மண் அசைய அசைய, பழைய குழாய் தாங்காது என்றார் தம்பி. ரப்பர் உள்வைத்த எஃகுப் பட்டையைச் சுற்றி, திருகாணிகளை மாற்றி மாற்றி முறுக்கினார்கள். "முழுக் கொழாயையும் எப்ப மாத்துவீங்க?" என்றேன். "அது பெரியவங்க வேலண்ணே, நம்ம வேல கட்டு போடுறது." பெரியம்மா அத்தனை பேருக்கும் தே ஓ (பால் இல்லாத தேநீர்) போட்டு, முறுக்கும் கொடுத்தார். மூன்றரை மணிக்கெல்லாம் குழியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர்கூட நட்சத்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தம்பிக்கு ஐந்தும் கொடுத்திருப்பேன்.

விடிந்ததும் மேல்மாடிக் குழாயைத் திறந்தேன். முதலில் காற்று, அப்புறம் தேத்தண்ணீர் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் பளிச்சென்று தண்ணீர். ஷவரில் நின்று குளித்தேன். நான்கு நிமிடத்துக்கு மேலேயே.

துடைத்துக்கொண்டிருக்கும்போது கூரைக்குள் சலசல என்று சத்தம். புது அழுத்தத்தில் தொட்டியின் மிதவை வால்வு உடைந்து, வழிகுழாயிலிருந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மீட்டருக்குப் பின்னால். அதாவது எங்கள் கணக்கு. இரும்புச் சாமான் கடை எட்டரைக்குத் திறக்கும். வால்வை அடைத்துவிட்டு ஏணியோடு கீழே வந்தேன்.

பெரியம்மா லோங்காங் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். மண் அதற்குள் வெளுத்துவிட்டது.

"கடைக்கு அப்பறம் போலாம்" என்றார். "அந்தத் தோங்குல ஒரு வாளி மொண்டுட்டு வா. கங்கோங் வாடுது."