வளர்ப்புப் பாம்பின் திடீர் மாற்றங்கள்: தெர்மோஸ்டாட், தராசு, குறிப்பேடு – நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நேற்றுவரை கையில் அமைதியாக ஊர்ந்துகொண்டிருந்த பாம்பு இன்று பெட்டியைத் திறந்ததும் சீறுகிறது. வாரம் தவறாமல் இரை எடுத்தது தலையைத் திருப்பிக்கொள்கிறது. பகலெல்லாம் பதுங்கிக் கிடந்தது ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் மூக்கை உரசுகிறது. உடனே "குணம் மாறிவிட்டது" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பாம்பின் குணம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. பெரும்பாலும் மாறியிருப்பது பெட்டிக்குள் இருக்கும் சூடும் ஈரப்பதமும்தான். அது இல்லையென்றால் தோலிலோ வயிற்றிலோ நுரையீரலிலோ ஏதோ நடக்கிறது. ஊகித்துக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் அன்றைக்கே பிடிபட்டுவிடும். பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு வகை), கார்ன் ஸ்நேக் (நஞ்சில்லாத வட அமெரிக்கப் பாம்பு) இரண்டையும் பல வருடம் வளர்த்ததில் எந்தக் கருவி கைகொடுத்தது, எது எங்கே ஏமாற்றும், எந்த மாற்றத்துக்கு முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதல் சந்தேகம் எப்போதும் தெர்மோஸ்டாட் மீது

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. செரிமானம், நோய் எதிர்ப்பு, சுறுசுறுப்பு எல்லாமே பெட்டியின் சூட்டை நம்பியவை. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் போதும். இந்த இரண்டு பக்க வித்தியாசம் போய்விட்டால் பாம்பு அதை நடத்தையில்தான் காட்டும். சூடு கூடினால் குளிர்ந்த மூலையிலேயே ஒட்டிக்கிடக்கும், தண்ணீர்த் தொட்டியில் இறங்கிப் படுக்கும், ராத்திரியில் வெளியேற வழி தேடி அலையும். சூடு குறைந்தால் சூடான இடத்தைவிட்டு நகராது, இரையை மறுக்கும், விழுங்கியதையும் கக்கும்.

தெர்மோஸ்டாட் என்பது சூட்டை அளந்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் கருவி. எந்த நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் முதலில் கெடுவது ப்ரோப் (சூட்டை உணரும் முனை) இருக்கும் இடம்தான். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிய ப்ரோப்பைப் பாம்பு தள்ளிவிடும். ப்ரோப் குளிர்ந்த பக்கத்துக்கோ பெட்டிக்கு வெளியிலோ போய்விட்டால், பெட்டி குளிர்ந்துவிட்டதாக எண்ணிக் கருவி ஹீட் மேட்டை (பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) நிறுத்தாமல் எரியவிடும். மேட்டின் பரப்பு 45 டிகிரியைத் தாண்டும். தொட்டித் தண்ணீர் கொட்டி ப்ரோப் நனைந்தாலும் இதே கதைதான். அடியில் சுடுகிறது என்று பாம்பு உடனே விலகிவிடும் என நம்ப முடியாது. வயிறு வெந்து செதில் கொப்பளிக்கும்வரை அதே இடத்தில் கிடக்கும் பாம்புகள் உண்டு. மேட்டின் மேல் படுகையை (பெட்டித் தரையில் பரப்பும் பொருள்) தடிமனாகப் போட்டு வைப்பதும் ஆபத்து. சூடு அடியிலேயே தேங்கும். பாம்பு தோண்டி இறங்கிக் கண்ணாடித் தரையில் படுக்கும்.

எங்களுக்கு நிலைத்து நின்ற அமைப்பு இது: ப்ரோப்பைப் பெட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் பொருத்துவது. உள்ளே பாம்பு படுக்கும் பரப்பில் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, அது 32 காட்டும்வரை தெர்மோஸ்டாட்டின் எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது. கண்ணாடியிலேயே சூடு கொஞ்சம் குறைந்துவிடுவதால் தெர்மோஸ்டாட்டில் வைக்கும் எண் உள்ளே வேண்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். உள்ளே எதையும் டேப் போட்டு ஒட்டவே கூடாது. பசை செதிலில் பிடித்தால் பிய்க்கும்போது தோலோடு வரும்.

தனித் தெர்மாமீட்டர் வாங்கும்போது உச்ச அளவையும் தாழ்வு அளவையும் நினைவில் வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பகலில் எட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். விடியற்காலையில் 21 டிகிரிக்கு இறங்கியதை அந்த நினைவுதான் சொல்லும். மலிவான தெர்மோஸ்டாட்டுகளில் உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு, எப்போதும் ஆன் நிலையில் நின்றுவிடுவதும் உண்டு. திரையில் எண் சரியாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும், மேட் எரிந்துகொண்டே இருக்கும். தனித் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

தெர்மாமீட்டரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, தண்ணீர் புகாத ப்ரோப்பை நடுவில் ஐந்து நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டினால் மாற்றிவிடுவது நல்லது. துப்பாக்கி வடிவ அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வேகமானது, ஆனால் பரப்பின் சூட்டை மட்டுமே அளக்கும். கண்ணாடி வழியாகக் குறிவைத்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். ஒரு சாண் தூரத்துக்குள், நேராகப் பிடித்து அளக்க வேண்டும்.

ஈரப்பதத்துக்கு முள் வைத்த வட்ட மீட்டர்களை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டிஜிட்டல் வகையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டி, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 சதவீதம், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 சதவீதம் ஏற்றது.

சட்டை உரிக்கும் நாட்கள்

திடீரென்று சீறுவதற்கும் இரை மறுப்பதற்கும் அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். வளர்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடுவதும் இதைத்தான். முதலில் வயிற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாகும், நிறம் மங்கும். பிறகு பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் திரவம் சேர்ந்து கண்கள் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் புகைபடியும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடுதான் உரியும். அதனால் இந்த நாட்களில் பார்வை மங்கி, நிழலாடினாலே பயப்படும். சில நாளில் கண் தெளிந்துவிடும். உரித்துவிட்டதாக நினைத்துப் பலர் அப்போது கையில் எடுக்கிறார்கள். உண்மையில் சட்டை கழல்வது கண் தெளிந்து சில நாள் கழித்துத்தான். அதுவரை எடுக்கவும் வேண்டாம், இரை கொடுக்கவும் வேண்டாம். ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் நுழைவு ஓட்டை போட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வகைப் பாசி) நிரப்பி உள்ளே வைத்துவிடுங்கள்.

கழன்ற சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இரண்டு இடத்திலும் சிறிய வட்ட லென்ஸ் போல ஒளி ஊடுருவும் செதில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெறும் ஓட்டையாக இருந்தால் அந்தச் செதில் கண்ணிலேயே தங்கிவிட்டது. சட்டை உரித்து முடித்த பிறகும் ஒரே பக்கத்திலிருந்து கை வந்தால் மட்டும் பாம்பு கொத்துகிறதென்றால் இதைச் சந்தேகியுங்கள். இடுக்கியால் பிடுங்கவே கூடாது, கீழே இருக்கும் கண்ணே பாழாகும். ஈரத்துணி போட்ட, காற்றோட்டமுள்ள டப்பாவில் 28 முதல் 30 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஈரத்துணி மீதே ஊர்ந்து போகவிடுங்கள். அப்படியும் விலகாவிட்டால் அடுத்த உரிப்புவரை ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பதும் மருத்துவரிடம் காட்டுவதும்தான் வழி.

இரை மறுப்பும் தராசும்

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு, மூடியுள்ள டப்பா. டப்பாவை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பாம்பை வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரை கொடுப்பதற்கு முன். வாங்கியவற்றில் மிக மலிவானதும் மிக உபயோகமானதும் இதுவே என்று தயங்காமல் சொல்வோம்.

வளர்ந்த பால் பைத்தான், முக்கியமாக ஆண், இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். பார்ப்பவருக்கு வயிறு பதைக்கும். 1,500 கிராம் பாம்பு இரண்டு மாதம் மறுத்தும் 1,470-இல் நிற்கிறதென்றால் பொறுத்திருக்கலாம். 1,350-ஐத் தொட்டால், அதாவது பத்து சதவீதம் இறங்கினால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டிகளுக்கு இவ்வளவு இருப்பு கிடையாது. சில வாரம் மறுத்தாலே விசாரிக்க வேண்டும்.

மறுத்தால் முதலில் சூட்டையும், பிறகு சட்டையையும், அதற்குப் பிறகு இரையையும் பாருங்கள். பால் பைத்தானின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதால் உறைநிலையிலிருந்து எடுத்த எலி உள்ளே உருகியிருந்தால் மட்டும் போதாது, மேல்பரப்பு 38 டிகிரியாவது இருக்க வேண்டும். பையில் போட்டு வெந்நீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்துவிடும், வயிறு வெடித்துவிடும். இரை, பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. பெட்டியை இடம் மாற்றியிருந்தாலோ பாம்பு புதிதாக வந்திருந்தாலோ ஒரு வாரம் தொடாமல் விட்டுவிட்டு அப்புறம் கொடுத்துப் பாருங்கள்.

கக்குவது வேறு, கடுமையான விஷயம். இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள் தூக்கியது, சூடு குறைந்தது, இரை பெரிதாக இருந்தது என்பவை வழக்கமான காரணங்கள். உடனே மறுபடி கொடுத்துவிடாதீர்கள்; அமிலம் பட்டு உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் விட்டு, வழக்கமானதில் பாதி அளவு இரை கொடுங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் வீட்டில் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடம்பின் நடுப்பகுதி வீங்கித் தெரிந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணித் தொற்றாக இருக்கலாம். அது மற்றப் பாம்புகளுக்கும் பரவும்.

கையைக் கொத்துவதெல்லாம் கோபமும் அல்ல. பெட்டி திறந்தாலே இரை என்று பழகிய பாம்பு எலி வாடையோடு வரும் கையை இரையாகவே எடுத்துக்கொள்ளும். கையை நன்றாகக் கழுவி, திறந்ததும் வளைந்த கொக்கியால் உடம்பின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிட்டு எடுத்தால், இன்று இரை இல்லை என்று சில வாரத்தில் புரிந்துகொள்ளும். இரைக்கென்று தனி டப்பாவுக்கு மாற்றும் பழக்கம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. விழுங்கிய பாம்பைத் திரும்பத் தூக்கி வைப்பதுதான் அதில் மிஞ்சும்.

தண்ணீரிலேயே கிடந்தால்

சூடு சரியாக இருந்தும், சட்டை உரிக்கும் நேரமாக இல்லாமலும், பாம்பு தண்ணீர்த் தொட்டியைவிட்டு வெளியே வராவிட்டால் மைட்டை (பாம்பின் ரத்தத்தை உறிஞ்சும் மிகச் சிறிய உண்ணி) தேடுங்கள். தொட்டியின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடக்கும். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் உற்றுப் பாருங்கள். ஈரமான வெள்ளை டிஷ்யூவை வழுக்கி இழுத்தால் ஒட்டிவரும். முட்டைகள் பாம்பின் மேல் இருக்காது. பெட்டியின் இடுக்குகளில் இருக்கும். அதனால் பாம்பை மட்டும் குளிப்பாட்டிப் பலனில்லை. படுகையை முழுவதும் அகற்றி வெறும் டிஷ்யூ விரித்து, மரச்சாமான்களை எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்குக் குறையாமல் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும். மருந்தும் அளவும் மருத்துவர் சொன்னபடியே இருக்கட்டும். மைட்டைக் கொல்லும் சில மருந்துகள் அளவு கூடினால் பாம்பையும் கொல்லும். கொசு, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படித்தான். அதே அறையில் அடித்த பிறகு பாம்பு நடுங்கினாலோ நெளிந்து புரண்டாலோ உடனே வேறு அறைக்கு மாற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெண் பாம்பு வயிற்றைத் திருப்பி மல்லாந்து படுப்பதும், சாப்பிடாமல் அலைவதும் முட்டையின் அறிகுறியாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். பால் பைத்தான் முட்டைக்கு முந்தைய சட்டையை உரித்து ஏறக்குறைய 30 நாளில் இடும். பாதி இட்டுவிட்டு நின்று, பின்பகுதியில் கட்டி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

அளந்துகொண்டிருக்கக் கூடாத நேரம்

மூச்சுவிடும்போது விசில் போன்ற சத்தம், வாயோரத்தில் நுரை அல்லது குமிழி, வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது – இவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். சட்டை உரிக்கும் சமயத்தில் லேசான சீட்டிச் சத்தம் வருவதுண்டு, உரித்ததும் நின்றுவிடும். குமிழி வந்தால் அது வேறு.

வானத்தைப் பார்ப்பதுபோல் தலையைப் பின்னுக்கு மடக்குவது, மல்லாத்தினால் திரும்ப முடியாமல் தவிப்பது, திருகிக்கொள்வது ஆகியவை நரம்புக் கோளாறு. அதிக வெப்பம், நச்சு, போவா பாம்புகளையும் பைத்தான்களையும் தாக்கும் இன்க்ளூஷன் பாடி நோய் என்ற வைரஸ் நோய் எனக் காரணம் பல. தங்கமீனையே தின்று வளரும் கார்ட்டர் பாம்புகளுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தும் இப்படி வரும். ஸ்பைடர் என்ற நிற வகைப் பால் பைத்தானின் தலையாட்டம் பிறவியிலேயே வருவது, திடீர் மாற்றமாக எண்ண வேண்டாம். மற்றவற்றில் உடனே தனிமைப்படுத்தி, ஒரே கொக்கியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் வேறு பாம்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குறிப்பேடு என்று தலைப்பில் சொன்னது சாதாரண நோட்டுப் புத்தகம்தான். தேதி, இரையின் எடை, எடுத்ததா மறுத்ததா, கண் மங்கிய நாள், உரித்த நாள், கழிவு, பாம்பின் எடை, சூட்டின் உச்சமும் தாழ்வும். ஒரு வரி போதும். செல்போன் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் பெட்டியின் மேலேயே கிடக்கும் நோட்டில்தான் வீட்டில் எல்லோரும் எழுதுவார்கள். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், 24 மணி நேரத்துக்குள் எடுத்துக் குளிரூட்டியில் வைத்த கழிவையும், கடைசிச் சட்டையையும், அந்த நடத்தையைக் காட்டும் ஒரு நிமிட வீடியோவையும் எடுத்துப் போங்கள். பாம்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, காற்றோட்டமுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டிச் சூடு 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பாட்டில் வைப்பதானால் துண்டில் சுற்றி, பையில் படாமல் வையுங்கள்.