கோடைச் சாலட்டுக்குக் கூஸ்கூஸா, சாமையா?

சித்திரை வெயிலில் கோவை, ஈரோட்டுப் பக்கம் மதியம் அடுப்படியில் நிற்பதே பெரும்பாடு என்பதால், வேகவைத்த தானியத்தோடு பச்சைக் காய்களைக் கலந்து உண்ணும் சாலட் பல வீடுகளில் கைகொடுக்கிறது. அதற்குப் பல்பொருள் அங்காடியில் விற்கும் கூஸ்கூஸை வாங்குவதா, வீட்டிலிருக்கும் சாமையையோ சம்பா கோதுமை ரவையையோ எடுப்பதா என்று கேட்டால், பெரும்பாலும் சத்துக் கணக்கிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. நான் முதலில் பார்ப்பது ஈரத்தை. வெள்ளரிப்பிஞ்சும் தக்காளியும் உப்புப் பட்ட சற்று நேரத்தில் நீர் விடும். அந்த நீரைத் தானியம் குடித்துக்கொள்கிறதா, விலக்கி நிற்கிறதா என்பதில்தான் சாலட்டின் பதம் இருக்கிறது.

கூஸ்கூஸ் வட ஆப்பிரிக்க உணவு. துரம் என்னும் கடினவகைக் கோதுமையின் ரவையில் நீர் தெளித்து, கையால் உருட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை உடனே பிடிபடும். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மௌரித்தானியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், 2020இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் முன்பே ஆவியில் வெந்து உலர்ந்தது என்பதால், ஒரு கப்புக்கு ஒரு கப் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, முள்கரண்டியால் கிளறி உதிர்த்தால் போதும். சாலட்டுக்கு மட்டும் நீரைச் சற்றே குறைத்து ஊற்றுவது நல்லது. அப்போது மிச்ச ஈரத்தைத் தக்காளிச் சாற்றிலிருந்தும் எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் அது எடுத்துக்கொள்வதால், புளிப்பும் உப்பும் ஒவ்வொரு மணிக்குள்ளும் இறங்கிவிடும். இந்த வசதி சாமைக்குக் கிடையாது. ஆனால் வழக்கமான கூஸ்கூஸ் தவிடு நீங்கிய ரவையில் செய்யப்படுவது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது.

சாமையில் குளூட்டன் இல்லை, நார்ச்சத்தும் உண்டு, வேலைதான் கூடுதல். அளந்து நீர் வைத்துச் சோறாக்கினால் ஆறியதும் ஒட்டிக் கட்டியாகும். ஆகவே நிறையக் கொதிநீரில் போட்டு வடிக்க வேண்டும். எட்டு நிமிடம் ஆனதும் ஒரு மணியை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்து, நடுவிலிருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்த கணமே வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, சூடு இருக்கும்போதே செக்குக் கடலெண்ணெய் ஒரு கரண்டி பிசிறி ஆறவிட்டால் மணி மணியாக நிற்கும். ஏற்கெனவே நீர் குடித்து நிறைந்துவிட்ட தானியம் என்பதால், காய் விடும் நீர் பாத்திரத்தின் அடியில் தேங்கும். தக்காளியை விதை நீக்கி நறுக்குவதும், உப்பைப் பரிமாறும்போது சேர்ப்பதும் இதற்குப் பரிகாரம். சின்ன வெங்காயம், கிளிமூக்கு மாங்காய், பொள்ளாச்சித் தேங்காய்ப் பல் ஆகியவற்றோடு சாமை சேர்வது போலக் கூஸ்கூஸ் சேராது. கூஸ்கூஸுக்குப் புதினாவும் ஆலிவ் எண்ணெயும்தான் பொருத்தம். கடலெண்ணெயின் வாசம் அதை அமுக்கிவிடும். வாங்கும்போது பளீரென்று வெளுத்த சாமையை விட்டுச் சற்று மங்கிய நிறத்தில் இருப்பதை எடுங்கள், தவிடு அதில்தான் மிச்சம் இருக்கும்.

சம்பா ரவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லெபனான் நாட்டுச் சாலட்டில் சேரும் புல்கர், கோதுமையை வேகவைத்து உலர்த்தி உடைத்தது. நம் ரவை பச்சையாக உடைத்தது என்பதால் வெந்ததும் குழையும். அது உப்புமாவுக்கே இருக்கட்டும்.

உடனே சாப்பிடும் வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் சாமையையே எடுப்பேன். முதல் நாளே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால் கூஸ்கூஸ் மேல், ஏனெனில் குளிரில் சாமை விறைத்துப்போகும். எதுவானாலும், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் கலந்து வைத்த சாலட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.